கேக் வந்துகொண்டிருக்கிறது

ஒரு சிரிப்பு வரப்போகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருகிற சிரிப்பு, இந்த ப்ளாக் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்கிற சிரிப்பு, ஆனால் இப்போது இல்லை, இப்போது லோகு ஆறாவது மாடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். லிஃப்ட் நாங்கள் குடிவந்த வருஷமே செத்துப்போனது, அதன் கம்பிக் கதவில் யாரோ பாவாடை காயப்போட்டிருக்கிறார்கள், அதனால் அவன் படியிறங்கித்தான் வந்தாக வேண்டும். வந்து கடைசிப் படியில் கால் வைக்கட்டும், என் கையில் இருக்கிற இந்த அட்டை முட்டை அத்தனையும் அவன் மண்டையில், மஞ்சள் கரு கண்ணில் வழிய நிற்பான், "டேய் டில்லி, நீயாடா?" என்பான், அதுதான் சிரிப்பு. இன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாள். கோதண்டண்ணன் சொன்னார். டீக்கடையில் என் தோளில் கையைப் போட்டு, "டேய் ஸ்பீக்கரு, லோகுப் பையனுக்கு இன்னிக்கு பர்த்டேடா. முட்டைக்கு பயந்துகினு வூட்டுக்குள்ள பூந்துகினான், போனையும் ஆஃப் பண்ணிட்டான். நீதான் எறக்கணும். அவங்கம்மா மாதிரி ஒரு கொரல் வுடு" என்றார். முட்டைக்குப் பயந்துதான். வேறு எதற்கும் இல்லை. போன மாசம் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் அண்ணனுடைய ஆட்கள் ஒருத்தனை வெட்டிப் போட்டதை லோகு பார்த்தான், ஸ்டேஷனில் போய் யார் யாரென்று பெயர் சொன்னான், அன்றையிலிருந்து கார் கழுவுகிற வேலைக்கும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், இதெல்லாம் ப்ளாக்கில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அது முடிந்துபோன விஷயம், அண்ணனே சொல்லிவிட்டார், "அதெல்லாம் பேசி முட்சாச்சுடா. சின்னப் பையன், தெரியாம சொல்ட்டான். கேக்கு வெட்டி ராசியாயிடலாம்." ராசி. நல்ல விஷயம்தானே. நான்தான் முட்டை தூக்கி வந்தேன், நான்தான் படிக்கட்டின் நடுப்பள்ளத்தில் நின்று மேலே அண்ணாந்தேன். லோகுவின் அம்மா பட்டம்மாவின் குரல் ஒன்றும் லேசு கிடையாது. கம்பெனியில் நாள் முழுக்கப் பெருக்கின தூசு அதில் இருக்க வேண்டும், முதலில் இருமல், அப்புறம் பெயரின் கடைசி எழுத்தை இழுக்க வேண்டும், அப்புறம் திட்டப்போகிற மாதிரி ஆரம்பித்துக் கொஞ்சலில் முடிக்க வேண்டும். "யே லோகூ... அரிசி மூட்டைய வெச்சிகினு கீழ நிக்கிறேன்டா, கால் புட்சிகிச்சி, வந்து தூக்குடா என் சாமி." என் சாமி என்கிற இடத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது, அவ்வளவு சுத்தம். குரல் ஒவ்வொரு மாடியாக ஏறிப்போனதைக் கேட்டேன். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் மேலேயிருந்து, "இரும்மா, வரேன்."

இரும்மா வரேன். ஏமாந்துவிட்டான். இந்த உலகத்தில் என்னைக் கண்டுபிடிக்கிறவன் இவன் ஒருத்தன்தான், பேயாகப் பேசினாலும் வாத்தியாராகப் பேசினாலும் "டில்லி, மூடு" என்று முகத்தைத் திருப்பாமலே சொல்கிறவன், அவனே ஏமாந்துவிட்டான், நான் குதிக்க வேண்டாமா, ஏன் என் முழங்கால் இப்படி ஆடுகிறது. குளிர். வெளியே மழை. எங்கள் ஜனத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆற்றோரக் குடிசையில் இருந்தபோது தட்டுவதற்குக் கதவே கிடையாது, சாக்குப் படுதாதான், வெளியே நின்று பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும், குரலில் ஆளைத் தெரிந்துகொண்டுதான் உள்ளேயிருந்து பதில் வரும். எங்களை அள்ளிக்கொண்டுவந்து ஊருக்கு வெளியே இப்படி அடுக்கி வைத்தபோது ஆளுக்கொரு கதவு கொடுத்தார்கள், ஆனாலும் தட்டுகிறவன் என்றால் போலீஸ், இல்லாவிட்டால் கரண்டைப் பிடுங்க வந்தவன், நம்மாள் என்றால் கீழே நின்று குரல் கொடுப்பான். கடப்பாரைக்குத் திறக்காத கதவு ஒரு குரலுக்குத் திறக்கும். அதனால்தான் அண்ணனுக்கு நான் வேண்டும். எனக்கு முதலில் வந்த குரல் எங்கப்பாவுடையது. அவர் போய்விட்டார், செத்தெல்லாம் போகவில்லை, போய்விட்டார், அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போவாள், குடிசையில் நானும் தங்கச்சியும். இருட்டினதும் யாராவது ஒருத்தன் வந்து படுதாவின் ஓரத்தை விரலால் தூக்குவான். "யாரும்மா உள்ள? ஆம்பள இல்லியா?" மண்ணெண்ணெய் விளக்கில் அந்த விரல் மட்டும் தெரியும், நகம் தெரியும். நான் குப்புறப் படுத்து, வயிற்றைத் தரையில் அழுத்தி, அப்பா காறுகிற மாதிரி காறி, "எவன்டா அவன்?" என்பேன். எனக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை, ஆனாலும் அந்தக் குரலில் மீசை இருந்தது. விரல் போய்விடும். காலடி போய்விடும். தங்கச்சியின் வாயை நான் பொத்த, என் வாயை அவள் பொத்த, இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரிப்போம், சிரிக்கும்போதே எனக்குக் கால்சட்டை நனைந்திருக்கும். சிரிப்பும் நடுக்கமும் அன்றைக்கு ஒன்றாக வந்தவைதான், அப்புறம் ஒன்று இல்லாமல் இன்னொன்று எனக்கு வந்ததே இல்லை. இப்போதுகூட. அதுதான் இந்த முழங்கால். வேறொன்றும் இல்லை.

செருப்பு இறங்குகிறது. டப், சர்ர், டப், சர்ர். ஒரு செருப்பின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருப்பான், அதைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறான், அவசரமாக வருகிறான், அம்மாவுக்குக் கால் வலி அல்லவா. கோதண்டண்ணன் லிஃப்ட் கதவில் தொங்குகிற பாவாடைக்குப் பின்னால் நின்று எனக்குக் கட்டை விரலைக் காட்டுகிறார். இன்னும் இரண்டு பேர் சுவரோரம் நிற்கிறார்கள், இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை, டீக்கடையிலும் பேசவில்லை, இங்கேயும் பேசவில்லை. பேசாதவர்களை எனக்குப் பிடிக்காது, குரல் இல்லாவிட்டால் எப்படிப் பிடித்துக்கொள்வது. இரண்டு பேரும் படிக்கட்டுக்குள் வந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நான் கேட்டேன், "ஏன்ணா ஹெல்மெட்டு?" அண்ணன், "முட்ட தெறிக்கும்ல?" என்றார். நான் சிரித்தேன். நல்ல ஜோக். முட்டை தெறிக்கும். ஒருத்தன் கையில் நீளமாக ஒன்று, கட்சி ஃப்ளெக்ஸில் சுருட்டியிருக்கிறான், ஒரு தலைவருடைய காதும் பாதிக் கன்னமும் வெளியே தெரிகிறது. அது கேக் வெட்டுகிற கத்தி, இங்கே எல்லாரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள், நீளக் கத்தியில் வெட்டி வீடியோ போடுவார்கள், போலீஸ் பிடித்து உட்கார வைத்து "இனிமே பண்ண மாட்டேன் சார்" என்று சொல்ல வைத்து இன்னொரு வீடியோ போடுவார்கள், அந்த இரண்டு குரலையும் நான் நன்றாகச் செய்வேன். "அண்ணா, கேக்கு?" என்றேன். "வந்துகினே கீதுடா." வந்துகொண்டிருக்கிறது. சரி. மழை, அதனால் லேட். பேக்கரி மூலையில்தான், ஆனாலும் மழை. பேசாமல் இருந்தால் முட்டை அட்டை கையில் தடதடவென்று ஆடுகிறது, பேசினால் நிற்கிறது. முட்டை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டில் ஆளுக்கொரு முட்டை, அதை நான் கடைசிவரை வைத்திருப்பேன், வெள்ளையை முதலில் தின்று மஞ்சளை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், அது கரைகிற வரைக்கும் பாடம் புரியும். காலையில் ஒன்றும் கிடையாது, இரவு அம்மா மண்டபத்திலிருந்து கொண்டுவருவது எந்தக் கல்யாணம் என்பதைப் பொறுத்தது. அப்போதுதான் ஹெட்மாஸ்டர் குரல் வந்தது. சமையல்கூடத்தின் பின்சுவரில் ஒரு பொத்தல் உண்டு, அதில் வாயை வைத்து, "ஆயாம்மா, மீதி முட்டைய வேஸ்ட் பண்ணாம அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்குக் குடுத்துடுங்க, என்ன?" அந்த 'என்ன'வில் இருக்கிறது சூட்சுமம், மூக்கால் சொல்ல வேண்டும். "சரிங்க சார்" என்றாள் ஆயா. எனக்கும் லோகுவுக்கும் இன்னொரு முட்டை. லோகு தின்றுகொண்டே, "டில்லி, மூக்கு கொஞ்சம் ஓவரு" என்றான். கண்டுபிடித்துவிட்டான், ஆனாலும் தின்றான்.

குடிசைகளை இடிக்க வந்த அன்றைக்கு ஒரு அதிகாரி ஒலிபெருக்கியில், "பொதுமக்கள் தங்கள் உடைமைகளை எடுத்துக்கொண்டு அமைதியான முறையில் ஒத்துழைப்பு தருமாறு" என்று சொல்லச் சொல்ல நான் அவர் பின்னால் நின்று அதையே சொன்னேன், கை இரண்டையும் வாயில் குவித்து, அதே கரகரப்போடு. எல்லாரும் சிரித்தார்கள். நசுங்கிய அலுமினிய குண்டானை மடியில் வைத்துக்கொண்டு எங்கம்மாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. புல்டோசர்க்காரனும் சிரித்தான், ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. இங்கே வந்த பிறகு பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தூரம், முதலில் போனேன், அப்புறம் மழை நாளில் போகவில்லை, அப்புறம் வெயில் நாளிலும் போகவில்லை. பகலெல்லாம் ஒன்றும் இல்லை. பசி இருந்தது, அதோடு கூடப் பயமும் இருந்தது, யார் கண்டாலும் "இங்க இன்னாடா வேல உனுக்கு?" என்கிறார்கள், கடைக்காரர் என்கிறார், செக்யூரிட்டி என்கிறார், போலீஸ் சொல்லவே வேண்டாம். ஒருநாள் பம்ப் ஹவுஸ் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாக்கி டாக்கி குரலில் விரட்டினேன், "கர்ர்ர்... ஸ்பாட்டுக்கு வந்துட்டோம் சார், ஓவர்." பெரிய பெரிய ஆம்பளைகள் லுங்கி அவிழ ஓடினார்கள். பயந்துகொண்டே வளர்ந்தவனுக்கு இன்னொருத்தன் பயப்படுகிறதைப் பார்ப்பது எப்படி இருக்கும் தெரியுமா, மழையில் நனைந்து வந்தவனுக்கு யாரோ உலர்ந்த சட்டை கொடுத்த மாதிரி. அதில் ஓடாமல் நின்ற ஒரே ஆள் கோதண்டண்ணன். சுவரைச் சுற்றி வந்தார், என்னைப் பார்த்தார், அடிக்கப்போகிறார் என்று தலையைக் கையால் மூடிக்கொண்டேன். "இன்னொரு தபா பண்ணுடா" என்றார். அதுவரை எல்லாரும் நிறுத்து என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்தார், லெக் பீஸ். தங்கச்சிக்கு என்று சொன்னதும் இன்னொரு பொட்டலம், கேட்காமலே. அப்புறம் அண்ணனுக்காகச் சின்னச் சின்னதாக. கறிக்கடை முதலாளி குரலில் அங்கே வேலை செய்கிற பையனுக்குப் போன் போட்டு, "பின்பக்கம் கேட்டத் தொறந்துட்டுப் போடா" என்றேன், அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என்ன நடந்தது என்று நான் கேட்பதில்லை. என் வேலை குரல். அந்தப் பையன் காது பக்கம் தையலோடு போனதை ஒருமுறை பார்த்தேன், அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, வேறு தெரு இருக்கிறதே.

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றுவிட்டது. நாலாவது மாடி. பூக்கட்டுகிற சரசக்காவின் குரல், அது எப்போதும் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல், "இன்னாடா லோகு, ஆளையே காணோம்? கரப்பான்பூச்சி மாதிரி இருட்டுலயே கீற." லோகு சொல்கிறான், "அம்மா கூப்ட்டுச்சுக்கா. மூட்ட தூக்கணுமாம்." "உங்கம்மாவா? அது எட்டு மணி வண்டிக்குல்ல வரும்?" பாவாடைக்குப் பின்னால் அண்ணன் அசையவில்லை. ஹெல்மெட்டுகள் இரண்டும் மேலே நிமிர்கின்றன. சரசக்கா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா, அவன் திரும்பிப் போய்விடுவான், போய்விட்டால் சிரிப்பு போச்சு, என்று நினைக்கிறேன். போகட்டுமே என்றும் நினைக்கிறேன், நான் நினைத்தேனா அது, யாருடைய குரல் அது, எனக்குள் இருக்கிற எந்தக் குரலும் இல்லை அது. போடா லோகு. மேலே போ. ஏன் போக வேண்டும், கேக் வந்துகொண்டிருக்கிறது. லோகு சொல்கிறான், "இன்னிக்கு சீக்கிரம் வுட்டுட்டாங்க போல. கால் புட்சிகிச்சின்னுது." சரசக்கா, "அப்ப சீக்கிரம் போ, பாவம்" என்கிறாள். டப், சர்ர். டப், சர்ர். வெளியே ஒரு பைக் நிற்கிறது, யாரோ உட்கார்ந்திருக்கிறான், வண்டியை அணைக்கவில்லை, மழையில் அணையாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் வீண். அண்ணனை மறுபடியும் பார்க்கிறேன், "மண்டையில கொட்ட மைதாவும் கேக்கோட வருதாண்ணா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்கிறேன். அவர் கட்டை விரலைக் காட்டவில்லை. வாயில் விரலை வைக்கிறார். என்னிடம் யாரும் அப்படிச் செய்ததில்லை, அண்ணன் செய்ததில்லை, என்னைப் பேசு பேசு என்பார். எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டும். முட்டை உடைகிற சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன். என் தலையில் யாரும் முட்டை உடைத்ததில்லை. எப்போதாவது உடைப்பார்களா, அண்ணன் என் பிறந்தநாளுக்கு உடைப்பாரா. அண்ணனுக்கு என் பிறந்தநாள் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது, மழை வெள்ளம் வந்த வருஷம், ஆறு மேடேறி வந்தபோது வயிற்றில் இருந்தாய் என்பாள், வெள்ளம் எத்தனையோ வருஷம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது எங்களையெல்லாம் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், ஒரு டீச்சர் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார், "பர்த் சர்ட்டிபிகேட் இருக்காம்மா?" இல்லை, இல்லை, இல்லை என்று அம்மாக்கள் வரிசையாகச் சொன்னார்கள், தண்ணியில போயிடுச்சு டீச்சர். டீச்சருக்கு வெயில் தாங்கவில்லை, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இந்த வரிசைக்கு எல்லாம் ஜூன் ஒண்ணுன்னு போட்டுடலாம்" என்றார். வரிசை முழுக்க ஒரே நாளில் பிறந்தோம். பட்டம்மா மடியில் என் பக்கத்தில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தவன் என்னைக் கிள்ளி, "டேய், உனுக்கும் அதே நாளாடா?" என்றான், என்னவோ நாங்கள் பரிசு வாங்கின மாதிரி. ஜூன் ஒன்று. எங்கள் ஆட்களில் ஒருத்தருக்கும் பிறந்தநாள் மழைக்காலத்தில் வராது. லோகுவுக்கு வராது. பிறந்தநாள் என்றதும் நான் ஏன் அதைக் கேட்கவில்லை, யாருக்கோ பிறந்தநாள் என்றால் எனக்கும் கொஞ்சம் கேக் என்று, இன்றைக்கு எந்த மாசம் என்றுகூட நினைக்காமல், முட்டையைத் தூக்கிக்கொண்டு, நானே தூக்கிக்கொண்டு. ஹெல்மெட்டுக்காரன் ஃப்ளெக்ஸைப் பிரிக்கிறான். அந்தச் சத்தம். தலைவருடைய கன்னம் விரிகிறது, மூக்கு வருகிறது, சிரிப்பு வருகிறது, உள்ளே இருப்பதில் க்ரீம் படப்போவதில்லை. கேக் கிடையாது. கேக் எப்போதுமே கிடையாது.

முதல் மாடித் திருப்பத்தில் லோகுவின் கால் தெரிகிறது. ஊக்குக் குத்தின செருப்பு. நின்றுவிட்டான். கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டப் பயந்து அங்கேயே நிற்கிறான். மெதுவாகக் கேட்கிறான், மூக்கு ஒழுகின நாளில் பேசின மாதிரி, "ம்மா... கீழ யாருனா கீறாங்களா?" கோதண்டண்ணன் என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டுகிறார், இல்லை என்று சொல், நீ சொன்னால் வருவான். டில்லியாகக் கத்தினால் அவன், என்ன விளையாட்டுடா என்று எட்டிப் பார்ப்பான், இத்தனை வருஷம் நான் பண்ணினதற்கு வேறென்ன செய்வான், ஒரு நிமிஷம் நின்று யோசிப்பான், அந்த ஒரு நிமிஷம் போதும் இவர்களுக்கு. அவன் யோசிக்காமல் கேட்கிற குரல் ஒன்றுதான் இருக்கிறது. இருமினேன். இருமல் நன்றாக வந்தது, தூசோடு வந்தது.

"கீறாங்கடா, பாடையில போறவனுங்க, நாலு பேரு. ஓடுடா லோகூ. மேல போயி தாப்பாளப் போடு. எவன் தட்டினாலும் தொறக்காத. நான் கூப்ட்டாலும் தொறக்காத, என் கொரல் கேட்டாலும் தொறக்காத என் சாமி."

அறுந்த செருப்பு படியில் தனியாகக் கிடக்க, வெறுங்கால் மேலே ஓடுகிற சத்தம் கேட்டது, இரண்டாவது, மூன்றாவது, சரசக்காவின் "இன்னாடா?", அப்புறம் கதவு. நான் வாயைத் திறந்தால் சிரித்தே பழகிப்போனவர் கோதண்டண்ணன், பாடையில போறவனுங்க என்றதுமே பாவாடையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தோள் குலுங்க, சத்தம் போட்டே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பைப் பார்த்து ஹெல்மெட்டுகள் இரண்டும் சுவரோரமே நின்றன. மேலே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பல்லெல்லாம் தெரிந்தது, ஆனால் கண் மட்டும் மெதுவாகப் படிக்கட்டிலிருந்து இறங்கி, என் கழுத்துக்கு வந்து, என் வாயில் வந்து நின்றது.